பழைய போலிங் பந்தில் நான்காவது துளை: டிராக் ஃபிளேரை அது எப்படி மாற்றுகிறது?

கோலாலம்பூரில் போலிங் பழகத் தொடங்குபவர்கள் பலர் முதலில் வாங்குவது, யாராவது ஆடிவிட்டு விற்கும் பந்தைத்தான். 2020க்கு முந்தைய பந்து என்றால், விரல்களுக்கான மூன்று துளைகள் போக, யாரும் விரல் நுழைக்காத நான்காவது துளை ஒன்று பக்கவாட்டில் இருக்கக்கூடும். அதுதான் எடைத்துளை. அதன் இடம் பந்தின் டிராக் ஃபிளேரை, அதாவது உருளும்போது பந்தில் பதியும் எண்ணெய் வளையங்கள் விலகி விழும் அளவை, மாற்றும். அதனால் வாங்குவதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஃபிளேரைக் கண்ணால் காணுங்கள். பந்தை நன்றாகத் துடைத்து, பேரங்காடியில் உள்ள எந்த எண்ணெய் பூசிய லேனிலும் ஒரே ஒரு முறை வீசுங்கள். திரும்பி வந்ததும் துடைக்காமல் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய் வளையங்கள் இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நடுவே விசிறிபோல விரிந்திருக்கும். அதிகம் விரிந்த இடத்தில் முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம் வரை அளந்தால் கிடைப்பதே ஃபிளேர். வளையங்கள் விலகி விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு லேனைத் தொடுகிறது. பந்து பிடித்துத் திரும்புகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால், எண்ணெய் படிந்த அதே பரப்பே மீண்டும் மீண்டும் உருண்டு வழுக்கும்.

அடுத்து, 'பின்' எனப்படும் சிறிய வண்ணப் புள்ளியைத் தேடுங்கள். பந்தின் உள்ளே இருக்கும் உட்கருவின் தலைப்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து எடைத்துளை வரை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 27 அங்குலம். அதில் கால்பங்கான 6¾ அங்குலம்தான் இங்கே முக்கியமான எண்.

இனி காரணத்தைப் பார்ப்போம். 'பின்' புள்ளி வழியாகச் செல்லும் அச்சைச் சுற்றிப் பந்து எளிதாகச் சுழலும். அதற்குச் செங்குத்தாக, அதாவது 6¾ அங்குலம் தள்ளி, சுழல்வதற்கு மிகக் கடினமான அச்சு இருக்கிறது. இவ்விரண்டு அச்சுகளிலும் சுழலும் கடினத்தில் உள்ள வித்தியாசம் பெருகினால் ஃபிளேர் பெருகும். பின் அருகே துளையிட்டால், கடினமான அச்சிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் எடை போய்விடுகிறது. கடினமான அச்சு எளிதாகிறது, வித்தியாசம் சுருங்குகிறது, ஃபிளேர் குறைகிறது. கடினமான அச்சின் முனையிலேயே துளையிட்டால் அந்த அச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பின் அச்சோ இன்னும் எளிதாகிவிடும், ஃபிளேர் கூடும். துளை அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் விளைவும் பெரிது.

போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் போலிங் விதிகளை வகுக்கும் அமெரிக்க போலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் எடைத்துளையைத் தடை செய்துவிட்டது. உங்கள் லீக் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். தேவைப்பட்டால், துளையிடும் கடையில் பிசின் ஊற்றி அடைத்துக்கொள்ளலாம்.

அப்போது ஃபிளேரை முடிவு செய்வது பிடித்துளைகளின் அமைப்பு. நீங்கள் வீசும் பந்து எந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்பதைக் கடைக்காரர் அளந்து தருவார். சமச்சீரான உட்கரு கொண்ட பந்தில், அந்தப் புள்ளியிலிருந்து 'பின்' 3⅜ அங்குலத்தில் இருந்தால் ஃபிளேர் உச்சம். புள்ளியின் மேலேயே இருந்தாலோ 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலோ மிகக் குறைவு. கட்டைவிரல் துளையும் எடையை அகற்றுவதால் அதன் இடமும் கணக்கில் வரும். இரு கைகளால் வீசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கட்டைவிரலை நுழைக்காமல் ஆடினால், அமெரிக்க போலிங் காங்கிரஸின் விதிப்படி அதுவும் தடைசெய்யப்பட்ட துளைதான், அதையும் அடைத்தாக வேண்டும்.