இதய வால்வு மாற்றியவருக்குப் பல் பிடுங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் இளம் பல் டாக்டர்கள் கையுறை, கருவிச் சுத்தம் எல்லாம் சரியாகவே செய்கிறார்கள். சறுக்குவது வேறு இடங்களில்.

மாத்திரையைப் பிறகு கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பல்லைப் பிடுங்கிவிட்டு, 'அமாக்சிசிலின் 500, மூன்று வேளை, 5 நாள்' என்று ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டெழுதி அனுப்பிவிடுகிறார்கள். மருந்துக் கடைக்குப் போய், வீட்டில் சாப்பிட்டு, முதல் மாத்திரை உள்ளே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் ஏறுவதோ, பல்லை அசைக்கிற அந்த நிமிடத்தில். அது வால்வில் ஒட்டிக்கொண்டு எண்டோகார்டைட்டிஸ் என்ற இதயத் தொற்றாக மாறலாம். அதனால் அப்போதே மருந்தும் ரத்தத்தில் இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. நான்கு, ஒரே தடவையாக, 30 முதல் 60 நிமிடம் முன்னால். குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. நம் கண்ணெதிரில் விழுங்க வையுங்கள். மறந்தே போனால், பல் பிடுங்கி முடிந்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, வேறிடத்தில் அப்படியொரு சீட்டு வாங்கியவர், பக்கத்துப் பல் வலியோடு என்னிடம் வந்தார். தலைப்பை விலக்கி நெஞ்சுத் தழும்பைக் காட்டி, "வால்வு மாத்திக்கீறேன் டாக்டர், இந்த ஜொரம் மட்டும் வுடவே மாட்டேங்குது" என்றார். சில வாரமாகச் சாயங்காலமானால் குளிர்ஜுரமாம். தெருமுனையில் ஊசி மேல் ஊசி. பல்லைத் தொடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போயிருந்ததால் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் எதுவும் வளரவே இல்லை. எந்தக் கிருமி என்று தெரியாமலே ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. அதுவரை கூடையும் இல்லை, வருமானமும் இல்லை. வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கல்ச்சர், அப்புறம்தான் ஆன்டிபயாடிக்.

பென்சிலின் ஊசி போடுகிறவருக்கும் அதே மாத்திரை

இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்காக 21 நாளுக்கொரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறவரின் வாய்க்கிருமி பென்சிலினுக்குப் பழகியிருக்கலாம். அவர் வால்வும் மாற்றியவர் என்றால் அசித்ரோமைசின் 500 மி.கி. அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி. கொடுங்கள். பென்சிலின் ஒவ்வாமைக்கும் இவையே உதவும். கிளின்டாமைசினை அமெரிக்க இதயச் சங்கம் 2021-லேயே கைவிட்டுவிட்டது.

ஸ்டென்ட் வைத்தவருக்கும் கொடுப்பது

தேவையில்லை. பைபாஸுக்கும் அப்படியே. செயற்கை வால்வு, முன்பே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர், சில பிறவி இதயக் குறைகள்: முக்கியமாக இவர்களுக்குத்தான்.

இதய நோயாளி என்று பல்லைத் தள்ளிப்போடுவது

சீழ்பிடித்த ஈறிலிருந்து பல் துலக்கும்போதே கிருமி ரத்தத்தில் ஏறும். வால்வு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு முன்பே பல்லைப் பார்த்துவிடுங்கள்.

அசிட்ரோமை நிறுத்தச் சொல்வது

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பாருங்கள், இதய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.