குழந்தைக்கு சிஎம்வி சந்தேகமா? 21 நாளுக்குள் செய்ய வேண்டியதும் அதற்கப்புறமும்

முதலில் காலண்டரில் தேதியைக் குறியுங்கள். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரோ எச்சிலோ எடுத்து பிசிஆர், அதாவது வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை, பார்த்தால்தான், சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சிஎம்வி, வயிற்றில் இருக்கும்போதே தொற்றியதா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கப்புறம் பாசிட்டிவ் வந்தால், பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ வந்ததாகவும் இருக்கலாம். அப்படி வந்தது நிறைமாதக் குழந்தையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. காதையும் மூளையையும் பதம் பார்ப்பது வயிற்றிலேயே தொற்றியதுதான். நம் பக்கத்திலோ, தஞ்சாவூரானாலும் மன்னார்குடியானாலும், பல வீடுகளில் தீட்டு கழியாமல் பிள்ளை பெற்றவளை வாசல் தாண்ட விடமாட்டார்கள். "முப்பது கழியட்டும், அப்புறம் காட்டிக்கலாம்" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் முப்பது கழிந்தால் இந்தச் சோதனைக்கான நாளும் கழிந்துவிடும். அதனால் பிரசவ வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை. தலை சிறியதாக இருப்பது, மாதத்துக்கேற்ற எடை இல்லாதது, உடம்பில் ஊசி குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், ரத்தத் தட்டணுக்கள் குறைவு, வலிப்பு, கர்ப்பகால ஸ்கேனில் மூளையில் சுண்ணாம்புப் படிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் கேளுங்கள். மஞ்சள்காமாலை பல பச்சைக்குழந்தைகளுக்கும் கொஞ்சம் வருவதுதான், ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இறங்காமல் மலம் வெளுத்துப் போனால், காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று, பலர் தவறவிடுவது: பிறந்ததும் செய்யும் காது பரிசோதனையில் குழந்தை தேறவில்லை என்றால் "காதில் அழுக்கு இருக்கும், ஒரு மாதம் கழித்து வாங்க" என்று சொல்லி அனுப்பக்கூடும். உண்மையிலேயே அழுக்காகவும் இருக்கலாம். இருந்தாலும் சிஎம்வி சோதனையை அந்த ஒரு மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

மாதிரி எடுப்பதில் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. எச்சில் என்றால் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய்ப்பாலில் இருக்கும் வைரஸே மாட்டிக்கொண்டு தப்பாக பாசிட்டிவ் காட்டும். அதனால் எச்சிலில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்வார்கள். சிறுநீருக்குச் சின்ன பை ஒன்றை ஒட்டுவார்கள், அது ஒட்டியிருக்கும்வரை பிள்ளை போகாது, கழற்றிய மறுநிமிடம் துணியை நனைக்கும். பொறுமையாக இருந்துதான் ஆக வேண்டும். 21 நாள் கணக்கு, மாதிரி எடுத்த தேதிக்குத்தான், ரிசல்ட் வரும் தேதிக்கு இல்லை. எனவே உங்கள் ஊரில் பிசிஆர் வசதி இல்லாவிட்டாலும் மாதிரியை எடுத்து வெளியே அனுப்பச் சொல்லுங்கள், எடுத்த தேதி எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி மட்டும் பார்த்துவிட்டு பாசிட்டிவ் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அது அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்த எதிர்ப்புப் பொருளாகவே இருக்கலாம்.

சரி, பாசிட்டிவ் என்று உறுதியாகிவிட்டது. பிறவியிலேயே சிஎம்வி இருக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 குழந்தைகள் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல்தான் இருக்கும், அவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே வளர்வார்கள். அறிகுறி தெளிவாக இருக்கும் குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை 6 மாதம் வாய்வழியாகக் கொடுப்பார்கள், முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. காதுக்கும் வளர்ச்சிக்கும் ஓரளவு பலன் தரும், போன கேட்கும் திறனை முழுக்கத் திருப்பித் தராது. வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு தடவைகூடத் தவறக்கூடாது. வீட்டில் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர்கள் இந்த மருந்தைக் கையால் தொட வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். எடை மிகக் குறைவாகப் பிறந்த குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி காது. பிறந்தபோது நன்றாகக் கேட்ட குழந்தைக்குக்கூட இந்த வைரஸால் இரண்டு, மூன்று வயதில் காது மந்தமாகலாம், அறிகுறியே இல்லாமல் பிறந்தவர்களிலும் 100க்கு 10 முதல் 15 பேருக்கு அப்படி ஆகிறது. "தாம்பாளம் விழுந்தா திரும்பிப் பாக்குறானே" என்று பாட்டி சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒரு காது போயிருந்தாலும் குழந்தை திரும்பத்தான் செய்யும். முதல் சில வருடங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை வருடம் ஒரு தடவை, காது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். பெரா என்ற சோதனையைக் குழந்தை தூங்கும்போதுதான் எடுப்பார்கள், ஆகவே பஸ்ஸில் போகும்போதே தூங்கவிட்டால் அங்கே போய் முழித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் திட்டமிட்டுப் போங்கள். கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசு பக்கம் போவதாக இருந்தால் மாவட்டத்தில் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே இருக்கும் மையம் அது. காது கேட்கும் கருவியும் போதாது என்ற நிலை வந்தால், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. வயதைக் கடத்திவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

அடுத்த பிள்ளைக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் டார்ச் பேனல், அதாவது சிஎம்வி போன்ற சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை, எடுத்து சிஎம்வி ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் பழைய தொற்று என்று அர்த்தம், நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான் வரும், அதற்காக அழ வேண்டாம். ஆனால் பழைய தொற்று இருந்தாலும் மறுபடி கிளம்பியோ புதிய வகை தொற்றியோ குழந்தைக்குப் போகலாம். தடுப்பூசி கிடையாது, எனவே இருப்பது சோப்பு மட்டும்தான். வைரஸ் பெரும்பாலும் வருவது பால்வாடிக்குப் போகும் மூத்த பிள்ளையின் எச்சிலிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும்தான். பிள்ளை மிச்சம் வைத்த பருப்புச் சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொள்ளாத அம்மா நம் ஊரில் இல்லை, வீணாக்க மனசு வராது. கர்ப்பமாக இருக்கும்வரை அந்தத் தட்டை அப்பா காலி செய்யட்டும். உதட்டில் முத்தம் வேண்டாம், உச்சந்தலையில் கொடுங்கள். மூத்திரத் துணியை மாற்றினாலும் மூக்கைத் துடைத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிஎம்வி இருக்கும் குழந்தையை வளைகாப்புக்கும் கோயிலுக்கும் கொண்டுவராதே என்று யாராவது சொன்னால், இதே வைரஸ் அந்தக் கூட்டத்தில் ஓடி விளையாடும் எத்தனையோ பிள்ளைகளின் எச்சிலிலும் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள்.