கயாக்கில் ஃபிளேர் கொளுத்துவது எப்படி: மூடியிலிருந்து தொடங்குங்கள்

சியாட்டிலில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டத் தொடங்கிய முதல் இரண்டு வருடமும், ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் வெளிச்சக் குச்சிகளான என் ஃபிளேர்கள் மூன்றும் பின்பக்கப் பெட்டியறைக்குள் பத்திரமாக இருந்தன. கவிழ்ந்து ஏறும் பயிற்சியில்தான் உறைத்தது: தண்ணீரில் மிதந்தபடி அந்த மூடியைத் திறப்பது நடக்காத காரியம். திறந்தாலும் உள்ளே கடல் புகும். அன்றிலிருந்து ஃபிளேர் லைஃப் ஜாக்கெட் பையில்தான்.

படி 1: வாங்குவது. அமெரிக்காவில் துடுப்புப் படகுக்குப் பகலில் இந்தச் சமிக்ஞைகள் கட்டாயமில்லை. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை கடலில் இருந்தால் கட்டாயம். ஃபிளேர் என்றால் மூன்று வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கைஃபிளேர் சுமார் 700 கேண்டெலா வெளிச்சத்தில் மூன்று நிமிடம் எரியும். சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்புத் தரத்தில் வருவது ஒரு நிமிடம்தான், ஆனால் 15,000 கேண்டெலா. விலை அதிகம் என்றாலும் நான் சோலாஸ்தான் வாங்குவேன். மலிவு வகை எரியும்போது உருகிய கசடு சொட்டும். மடியில் இருப்பதோ ஸ்ப்ரே ஸ்கர்ட், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் துணி.

படி 2: ஃபிளேரின் மூடி. நான் தடுமாறிய இடம் இதுதான். கடலோரக் காவல் படைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கரையில் நடத்திய பயிற்சி. நியோப்ரீன் கையுறையை நனைத்துக்கொண்டு திறக்கச் சொன்னார்கள். விரல் வழுக்கியது, நாடாவின் நுனி பிடிபடவே இல்லை. பல்லால் கடித்துத்தான் இழுத்தேன். இங்கே தண்ணீர் பெரும்பாலும் 8 முதல் 13 டிகிரி. சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும். அதனால் ஃபிளேரை உறைக்குள் உறை போட்டு வைக்காதீர்கள். ஈரம் புகாத ஒரே பை, வாயில் பெரிய இழுவளையம், அவ்வளவு போதும். கம்பெனிக்குக் கம்பெனி பற்றவைக்கும் முறை மாறும். ஃபிளேரின் மேல் அச்சிட்ட படத்தை வீட்டிலேயே பார்த்து மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 3: கொளுத்துவது. உரசும் வகை என்றால் மூடியில் தீப்பெட்டிப் பக்கம்போலச் சொரசொரப்பான பரப்பு இருக்கும். உடம்பை விட்டு வெளிப்பக்கமாக உரசுங்கள். பற்றியதும் காற்று போகும் பக்கம் கையை முழுதாக நீட்டி, தண்ணீருக்கு மேலே சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கண் கூசி இருட்டிவிடும்.

படி 4: எப்போது? படகோ விமானமோ கண்ணில் பட்டால், அல்லது சத்தம் கேட்டால். பதற்றத்தில் எல்லாவற்றையும் கொளுத்தித் தீர்த்துவிடாதீர்கள். முதலில் விஎச்எஃப் ரேடியோவில், அதாவது படகுகளின் கைரேடியோவில், அபாய அழைப்புக்கான சேனல் 16. மேலே பாயும் சிறு ஃபிளேர் ஏழு நொடிகூட நிற்காது. அதை அடுத்தடுத்து இரண்டாக விடுங்கள். ஒன்று தலையைத் திருப்ப வைக்கும், இன்னொன்று திசை காட்டும். உதவி நெருங்கியதும் கைஃபிளேர். ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்துவிட்டால் மேலே எதையும் சுடக் கூடாது.

பின்சேர்க்கை: காலாவதியானதை வைத்திருக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். இங்கே தயாரித்த நாளிலிருந்து 42 மாதம்தான் கணக்கு. பழையது கூடுதலாக இருக்கட்டும், மூன்றில் சேராது. பழையதுதானே என்று கடலில் கொளுத்திப் பார்க்கவும் கூடாது. பொய் அபாய அழைப்பு குற்றம்.

இன்னொரு கேள்வி, அங்கீகாரம் பெற்ற எல்இடி விளக்கு ஃபிளேருக்குப் பதிலாகுமா என்று. இரவுச் சட்டத்துக்கு அது ஒன்றே போதும், மணிக்கணக்கில் எரியும். நானும் வாங்கி லைஃப் ஜாக்கெட் தோளில் மாட்டியிருக்கிறேன். ஆனால் பகல் வெளிச்சத்தில் அது எடுபடாது. பையிலிருக்கும் சோலாஸ் ஃபிளேரை எடுக்கவில்லை.