கூர்ந்து உணர்கிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

சென்னை தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் சிலருக்குக் காதோடு நிற்காது, வயிறு வரை இறங்கும். பக்கத்துத் தெருவில் சாவு மேளம் தொடங்கினால் அன்றைய தூக்கம் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோன், கணவர் ஆர்தர் ஆரோனுடன் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிக் கூர்ந்து உணர்வதை ஒரு சுபாவமாகவே விவரித்தார், நோயாக அல்ல. எனவே, மரத்துப்போகப் பழகிக்கொள் என்று யார் சொன்னாலும் அதற்காக உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பல வருடம் செய்த தவறு வேறு. உணர்ந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாக்கிவிடுவேன். ஒருநாள் அண்ணி காசிமேட்டில் வாங்கிவந்த சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். செதில் உரசும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. செதில்கள் சுவர்வரை தெறித்தன. கரண்ட் பில்லுக்கு நான் பணம் தராத கோபம் என்று முடிவு செய்து இரண்டு நாள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பொறுக்காமல் கேட்டேன். "சீட்டுப் பணத்துக்கு வழி தெரியவில்லை தம்பி" என்றார். அவர் மனம் சரியில்லை என்று நான் உணர்ந்தது உண்மை. காரணம் நானாகக் கட்டியது. அந்த இரண்டு நாளும் அவர் தனியாகத் தவித்திருக்கிறார் என்பது இன்னும் உறுத்துகிறது. கேட்டுவிடுங்கள், அன்றைக்கே.

உணர்ந்ததையே சந்தேகிப்பதும் தவறுதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, நெடி தாங்காமல் மக்கள் வீட்டைவிட்டு ஓடிவந்தார்கள். நமக்கு மட்டும்தான் நாறுகிறதோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்துவிடாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கூட்டம் ஆகாதென்றால் தீபாவளித் துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு ஞாயிறு மாலை போகாதீர்கள். வாரநாள் காலையில் போகலாம். அதற்காகக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் தவிர்த்தால் உறவே விட்டுப்போகும். நடுவில் பத்து நிமிடம் மண்டபத்துக்கு வெளியே காற்றாட நின்றுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாத பயம் என்றால் அதையும் சுபாவத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.