'ஃபைன்' சொல்லி ஃபைன் கட்டிய கதை

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் செய்ய வேண்டியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வரி எண் எல்லாம் வரிசையில் நின்றால் முடிந்துவிடும். கையெழுத்துப் போடும் தாள் எதுவானாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் சொல்வதற்காகச் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்த 'ஃபைன்'. அதனால் வாடகை வீட்டுக்குக் கொடுத்த என் முன்பணத்தில் பாதி போனது.

முதல் வாடகை வீட்டுக்குச் சாவி வாங்கிய மூன்றாம் நாள் வீட்டுக்காரர் குறுஞ்செய்தி அனுப்பினார்: 'இஸ் எவ்ரிதிங் ஃபைன் வித் த ஃபிளாட்?' நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். குளியலறைக் கதவின் அடிப்பகுதி ஊறிப்போயிருந்தது. அடுப்பு மேடையில் நீளமாக ஒரு கீறல். ஒரு ஜன்னல் பிடி கையோடு வந்துவிடும்போல ஆடியது. ஆனால் வந்ததும் வராததுமாகக் குறை சொல்லலாமா? காய்ச்சலில் படுத்திருக்கும்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிப் பழகிய வாய் இது. 'யெஸ், எவ்ரிதிங் இஸ் ஃபைன், தேங்க் யூ' என்று அனுப்பிவிட்டேன், கூடவே ஒரு சிரிப்பு முகம் வேறு.

பதினான்கு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது கதவு, மேடை, ஜன்னல் மூன்றுக்கும் பணம் பிடித்தார். நான் வரும்போதே அப்படித்தான் இருந்தன என்றேன். மனிதர் வாதாடவே இல்லை. என்னுடைய குறுஞ்செய்தியையே படமெடுத்து எனக்குத் திருப்பி அனுப்பினார். நான் மரியாதைக்குச் சொன்னது அவருக்குச் சாட்சியாகிவிட்டது. பேச்சுவார்த்தைக்கு வாங்க என்று கூப்பிட்டுவிட்டுப் பஞ்சாயத்து எழுதி வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு. தப்பு என்னுடையதுதான் என்று முழுதாக ஒத்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

ஆகவே சாவி கைக்கு வந்த அன்றே அறை அறையாகப் படமெடுங்கள். குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, படங்களோடு அனுப்புங்கள். 'மற்றபடி ஃபைன்' என்று முடிப்பதுகூட வேண்டாம். அவர்களே ஒரு பட்டியல் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், விட்டுப்போனதை அதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முகம் சுளிப்பார்களோ என்று யோசிக்காதீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்த்தேன். 'ஃபைன்' என்றால் 'நன்று' என்று படித்தோம். பேச்சில் அது பெரும்பாலும் நம் 'பரவாயில்லை'தான். யாராவது மன்னிப்புக் கேட்டால் 'இட்ஸ் ஃபைன்', அதாவது பரவாயில்லை. வேலை எப்படி என்று கேட்டு 'இட்ஸ் ஃபைன்' என்று பதில் வந்தாலும் அதே பரவாயில்லை. என் நண்பர் ஒருவர் தன் அறிக்கைக்கு மேலாளர் அப்படிச் சொன்னதைப் பாராட்டு என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். அடுத்த அறிக்கையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதே சொல் பெயருக்கு முன்னால் வந்து நின்றால், 'எ ஃபைன் ரிப்போர்ட்' என்றால், உண்மையிலேயே பாராட்டு. அதிலும் குரலைக் கவனிக்க வேண்டும். 'ஃபைன் ஃபிரெண்ட் யூ ஆர்' என்று இழுத்தால், 'நல்ல ஆளுய்யா நீ' என்று நாம் இழுப்போமே, அதேதான். விஷம் கக்குவதற்கே நல்ல பாம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாம், இது நமக்குப் புரியாமல் போகாது.

உதவி வேண்டுமா என்று கேட்டால் 'ஐ ஆம் ஃபைன்' என்பது 'வேண்டாம், இருக்கட்டும்'. எனக்கு இது தெரியாது. கொட்டும் மழையில் காரில் ஏறிக்கொள்கிறாயா என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். சிரித்தபடி 'ஐ ஆம் ஃபைன்' என்றேன். அவரும் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நம்மைப்போல இரண்டாம் முறை, மூன்றாம் முறை வற்புறுத்திக் கேட்பார் என்று நின்றேன். நனைந்ததுதான் மிச்சம். அப்புறம், ஒற்றைச் சொல்லாக, முற்றுப்புள்ளியோடு 'ஃபைன்.' என்று செய்தி வந்தால் அனுப்பியவர் எரிச்சலில் இருக்கலாம்.

அபராதமும் எப்படி 'ஃபைன்' ஆனது? இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'ஃபினிஸ்' என்றால் முடிவு. வழக்கைத் தீர்த்து முடிக்கக் கட்டிய பணம் ஒரு 'ஃபைன்'. குறையில்லாமல் செய்து முடித்தது இன்னொரு 'ஃபைன்'. 'ஃபைனான்ஸ்' கூட இந்தக் குடும்பம்தான். நகையில் 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று பொருள். அந்தத் தூய்மை அளவுக்கு ஆங்கிலத்தில் 'ஃபைன்னெஸ்' என்றே பெயர். சிங்கப்பூரில் இந்த இரட்டைப் பொருளை வைத்து 'ஃபைன் சிட்டி' என்று பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் அடியில் வரும் பொடி எழுத்துக்கு 'ஃபைன் பிரிண்ட்' என்று பெயர். அதில்தான் சுத்தம் செய்யும் கட்டணம், முன்கூட்டிக் காலி செய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஒளிந்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் வீடு மாறினேன். புது வீட்டுக்காரரும் மூன்றாம் நாள் அதே கேள்வியை அனுப்பினார். நான் இருபத்து மூன்று படங்களும் ஒரு பட்டியலும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'ஃபைன்.'