விக்டோரியா காலத்து வீட்டுச் சுவரில் சிமென்ட் வேண்டாம்

லண்டனில் டூட்டிங், ஈஸ்ட்ஹாம் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு அமைவது நூறு வருஷம் தாண்டிய செங்கல் வீடுதான். விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரை இப்படி வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். அந்த வீடுகளைக் காலத்தைவிட அதிகமாகக் கெடுப்பது தப்பான ரிப்பேர்.

முதல் தப்பு சிமென்ட். அந்தச் சுவர்கள் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர்கள். இணைப்புகளில் இருப்பது சுண்ணாம்புக் காரை. மழையில் ஊறும் ஈரம் அந்த மென்மையான காரை வழியாகத்தான் வெளியேறும். காரை உதிர்கிறதே என்று சிமென்ட் வைத்து அடைத்தால், ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் செதில் செதிலாகப் பெயரும். அப்படி ஒரு சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சிமென்ட் கோடு துருத்திக்கொண்டு நிற்கும், செங்கல் குழிந்திருக்கும், விரலால் தேய்த்தால் சிவப்புத் தூள் கொட்டும். போன செங்கல் திரும்ப வராது. காரை போனால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அதனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே தேடுங்கள், கூலி கூடினாலும் பரவாயில்லை.

அடுத்தது, வெளிச்சுவரின் அடியில் இருக்கும் துளைச் செங்கல்கள். குளிர்காற்று வருகிறது என்று அடைத்துவிடுகிறார்கள், அல்லது முற்றத்தைத் தளம் போட்டு உயர்த்தும்போது அவை மறைந்துபோகின்றன. பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓடாவிட்டால் ஈரம் தேங்கி, பூஞ்சை பிடித்து, உத்தரங்கள் உளுத்துவிடும்.

அப்புறம், மேலும் கீழும் நகரும் அந்த மர ஜன்னல்கள். 1845இல் கண்ணாடி வரியும் 1851இல் ஜன்னல் வரியும் போன பிறகு பெரிய கண்ணாடிகள் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. அந்தக் கனத்தைத் தாங்க மேல் சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்னக் கொம்பு போல மரத்தை நீட்டிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது. ஜன்னல் மேலே நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் நிலைக்குள் இரும்பு எடையைத் தாங்கும் கயிறு அறுந்திருக்கும். கயிற்றை மாற்றினால் போதும். அதற்காக ஜன்னலையே பிடுங்கி பிளாஸ்டிக் வைக்காதீர்கள்.

கீழ் அறையைப் பெரிதாக்க, புகைபோக்கிச் சுவரை இடிக்க நினைத்தால் முதலில் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாடியில் மிச்சமிருக்கும் செங்கல் பாரம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.