மார்ச் மாதத்தில் இமயமலைக்குச் செல்வோருக்கு

தேர்வுகள் முடிந்ததும் இராயபுரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் இமயமலை நடைப்பயணத்துக்குக் கிளம்பும் இளைஞர்கள், குளிர் குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெயிலில் உருகும் நீர் பனிப்படலங்களுக்கிடையே இறங்கி அவற்றின் பிடிப்பைத் தளர்த்துவதால், முக்கியமாக 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில், பிற்பகலில் ஈரப் பனிச்சரிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. ஆகவே விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் அத்தகைய சரிவுகளைக் கடந்துவிடுங்கள். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்து பனி இறுகாமல் போயிருந்தால் அதிகாலையையும் நம்ப வேண்டாம்.

காசிமேட்டில் காற்றைப் பார்த்த பிறகே படகை இறக்குவதைப் போல, அங்கே பனியைப் பார்க்க வேண்டும். கால் முழங்கால்வரை புதைந்தாலோ, மேலிருந்து எலுமிச்சை அளவுப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு, உருளும்போதே பருத்துக்கொண்டு இறங்கினாலோ உடனே திரும்பிவிடுங்கள். வழிகாட்டி தயங்கினால் தயவுசெய்து அவரை வற்புறுத்தாதீர்கள். புதுப் பனியோ மழையோ பெய்தால் ஓரிரு நாள் முகாமிலேயே தங்குங்கள். புதைந்தவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பனிக்கடியில் புதைந்தவர் இருக்குமிடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் சமிக்ஞைக் கருவியை ஒவ்வொருவரும் உடலோடு கட்டியிருக்க வேண்டும்.